செவ்வாயில் இறங்க பரசூட் மட்டும் ஏன் போதாது?

கல்லடிப் பொடியன்: ஏ.எல். கணிதப் பிரிவு படிக்கிறேன். செவ்வாயில் காற்று இருக்குதுதானே? பிறகு ஏன் நாசாவின் பெர்சவரன்ஸ் ரோவர் வண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள்?

களுவாஞ்சிகுடி டீச்சர்: இருக்குது மனே, ஆனால் தரையில் அதன் அழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதம்கூட வராது. கலத்தைச் சூடாக்கப் போதும், நிறுத்தப் போதாது. மணிக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீற்றரில் நுழைகிறது. முதலில் வெப்பக் கவசம். பிறகு 21.5 மீற்றர் பரசூட், அதுவும் ஒலியைவிட வேகமாகப் போகும்போதே விரிய வேண்டும் (எனக்கு இதுதான் பெரிய அதிசயம்). அப்படியும் மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் மிச்சம். மீதியை ரொக்கெட்தான் குறைக்க வேண்டும். ரொக்கெட் தரைக்குக் கிட்டப் போனால் புழுதியும் கல்லும் கிளம்பும், அதனால்தான் கயிறு.

அக்கரைப்பற்று வெல்டர்: 2004இல் காற்றுப்பையில் உருட்டி விட்டார்களே டீச்சர்?

களுவாஞ்சிகுடி டீச்சர்: அது சின்ன ரோவர். இது ஒரு தொன், பை தாங்காது.

கல்லடிப் பொடியன்: சரி, இங்கிருந்து ரிமோட்டில் ஓட்ட ஏலாதா?

களுவாஞ்சிகுடி டீச்சர்: 2021இல் அது இறங்கிய அன்று சிக்னல் வர 11 நிமிடம். இறக்கமோ 7 நிமிடம். எல்லாம் கணினியின் கையில். 2016இல் செவ்வாயில் இறங்கப் போன ஐரோப்பியக் கலமான ஸ்கியாபரெல்லியின் கணினி, ஏற்கெனவே தரைக்குக் கீழே போய்விட்டதாகக் கணக்குப் போட்டு, சுமார் 3.7 கிலோமீற்றர் உயரத்திலேயே பரசூட்டைக் கழற்றிவிட்டது.