மிகிந்தலை ஏற்றம்: முந்தைய பதிவுக்குப் புதுப்பிப்பு

கண்டியிலிருந்து ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் திரும்பும்போது, அனுராதபுரத்துக்கு அருகிலுள்ள பௌத்த மலைத்தலமான மிகிந்தலையில் இறங்குவதானால் 1,840 படிகளையும் ஏறவேண்டும் என்று எழுதியிருந்தேன். திருத்திக்கொள்ளுங்கள்: பழைய வீதியால் வாகனத்தில் போனால் தானசாலை (பழைய பிக்குகளின் உணவுக்கூடம்) மட்டம்வரை ஏறிவிடலாம், ஏறக்குறைய பாதிப் படிகளை ஏறத் தேவையில்லை. முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடு போவதென்றால் இதுதான் சரி.

படிகளைவிட வெயில்தான் சோதனை. மேலேயுள்ள அம்பஸ்தல தாதுகோபுர (தூபி) வளவில் செருப்பு, தொப்பி இரண்டையும் கழற்றவேண்டும். நண்பகலில் பாறை கொதிக்கும், வெறுங்கால் தாங்காது. தடித்த காலுறை கொண்டுபோங்கள், முடிந்தால் விடியவே ஏறுங்கள். ஆராதனா கல் என்ற உச்சிப் பாறையில் படி செங்குத்து, காற்றும் பலம், கம்பியை விடவேண்டாம். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக்கூடாது.

ஜூன் மாதப் பொசன் போயாவில் (பௌர்ணமி நாளில்) சனம் நெருக்கும். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர், மன்னன் தேவநம்பியதீசனை இங்கே சந்தித்த நாள் அது. வழிப்பயணத்தில் அன்று இறங்கினால் நேரம் போதாது.