உயிர்த்த ஞாயிறு 2019: கொழும்பில் நாம் சந்தித்தவர்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து

செய்தியில் வந்தது எல்லாருக்கும் தெரியும். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவொன்றின் தற்கொலைக் குண்டுகள்: மூன்று தேவாலயங்கள், மூன்று பெரிய ஹோட்டல்கள், பிறகு தெஹிவளையிலும் தெமட்டகொடையிலும். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். அதைத் திரும்ப எழுத வேண்டாம். அந்த நாட்களிலும் பிறகும் யாரைச் சந்தித்தீர்கள், என்ன கதைத்தார்கள் என்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

நாங்கள் சைவம். ஆனாலும் குண்டு வெடித்த தேவாலயங்களில் ஒன்றான கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போகாத வீடு எங்கள் ஒழுங்கையில் குறைவு. பொன்னம்பலவாணேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, வருகிற வழியில் அந்தோனியாருக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றுகிற ஆட்கள். அந்த ஞாயிறு வருடப்பிறப்பு முடிந்து ஒரு வாரம். வீட்டில் பயற்றம் பணியாரம் இன்னும் மிச்சம் இருந்தது. காலை 8.45 அளவில் சத்தம் கேட்டதும் தம்பி "காஸ் சிலிண்டர்" என்றான். அம்மா இல்லை என்று தலையாட்டினார். தொண்ணூறுகளில் கொழும்பில் குடியிருந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தில் குழப்பம் வராது.

மறுநாள் கோயிலுக்குப் பக்கத்தில் நின்ற வானில் இருந்த குண்டு, செயலிழக்கச் செய்யப் போனபோதே வெடித்தது. புறக்கோட்டை பஸ்தியன் மாவத்தை பஸ் நிலையத்தில் 87 டெட்டனேட்டர்கள் அகப்பட்டன. பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கம். ஆனால் வதந்திக்கு அவை தேவைப்படவில்லை. குழாய்த் தண்ணீரில் நஞ்சு என்று ஒரு கதை மதிலுக்கு மதில் தாவி வந்தது.

23ஆம் தேதி தேசிய துக்க தினம், காலை 8.30க்கு மூன்று நிமிட மௌனம். அன்று செவ்வாய்க்கிழமையும்கூட. தடுப்புக் கம்பிவரை போனேன். அங்கே ஒரு பாட்டி, கையில் மெழுகுதிரிக் கட்டோடு, காவலுக்கு நின்ற இராணுவப் பையனுடன் பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் சண்டை. உள்ளே விட முடியாது அம்மே, ரோட்டிலும் நிற்க முடியாது என்கிறான் அவன். "உன் அம்மா பிறக்கிறதுக்கு முந்தியே நான் செவ்வாய்க்கிழமை வருகிறேன்" என்கிறார் இவர். கடைசியில் பையன் தோற்றான். கம்பியைக் கொஞ்சம் நகர்த்தி மதில் ஓரமாக இடம் விட்டான். கொஞ்ச நேரத்தில் அந்த மதிலடியில் எங்களைப் போல ஒரு இருபது பேர். யார் எந்தச் சமயம் என்று பார்த்தால் தெரிந்திருக்கும், பார்க்கிற மனநிலை யாருக்கும் இல்லை.

கடற்படையினர் திருத்த வேலை செய்து ஜூன் 12 அன்று கோயில் திறந்தது, அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள். பாட்டியை அன்று தேடினேன். அந்தக் கூட்டத்தில் எங்கே காண்பது!

வெள்ளவத்தையிலிருந்து

நான் ஓய்வுபெற்றவன். 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கிக் குண்டு வெடித்தபோது கோட்டையில் வேலை. 91 பேர் போனார்கள். அதே வருடம் ஜூலையில் தெஹிவளை ரயில். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் கொழும்புத் தமிழனுக்கு என்ன நடக்கும் என்பது இங்கே பலருக்குத் தெரியும்: பொலிஸ் பதிவு, லொட்ஜ் சோதனை, நடுச்சாமத்தில் கதவு தட்டல். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணத்துப் பக்கம் என்றால் இன்னும் விசேஷம். இதை வைத்துக்கொண்டு அடுத்ததை வாசியுங்கள்.

2019 மே மாதம், காலி வீதியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். என் கை தானாகவே சட்டைப் பைக்குள் போய் அட்டையை எடுத்துவிட்டது. அதைப் பார்க்கவே இல்லை, போங்கள் என்று கை காட்டினார்கள். எனக்குப் பின்னால் தாடி வைத்த ஒரு பொடியன், கிழக்கு மாகாணம், வேலை தேடி வந்தவன். அவன் பையைக் கொட்டச் சொன்னார்கள். இரண்டு சட்டை, சவர்க்காரம், சோற்றுப் பார்சல், அரபு எழுத்தில் ஒரு சின்னப் புத்தகம். அந்தப் புத்தகத்தோடு விசாரணை தொடங்கியது. பொடியனுக்குச் சிங்களம் வராது. என்னைப் பார்த்து, "அங்கிள், இது துஆ கிதாபு, செபப் புத்தகம் மாதிரி என்று இவங்களுக்குச் சொல்லுங்களேன்" என்றான்.

சொன்னேன். நீ யார், இவனை எப்படித் தெரியும் என்று என்னிடம் கேள்வி திரும்பியது. தெரியாது, ஒரே பஸ் என்றேன். 1996இல் எனக்காக அப்படி வாய் திறந்த ஒரு சிங்கள சக ஊழியர் இருந்தார்; அவர் நினைவு வந்தது. பஸ்ஸில் சிலர் முணுமுணுக்கத் தொடங்கினார்கள், நேரமாகிறதாம். கொண்டக்டர் மட்டும் அசையவில்லை. "டிக்கெட் எடுத்தவன் ஏறாமல் பஸ் எடுக்க மாட்டேன்" என்று சிங்களத்தில் சத்தமாகவே சொன்னார். அது நியாயமா வியாபாரமா தெரியாது. பொடியன் ஏறினான், என் பக்கத்தில் உட்கார்ந்தான், இறங்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

மருதானையிலிருந்து

வெள்ளவத்தை அங்கிள் எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பொடியன் என் நானாவாகவும் (அண்ணன்) இருந்திருக்கலாம்.

முகத்தை மூடத் தடை ஏப்ரல் 29இல் வந்தது. நான் முகம் மூடுவதே இல்லை, அபாயாவும் தலையில் ஷோலும்தான். ஆனால் ஒரு அலுவலக வாசலில் அதையும் கழற்றச் சொன்னார்கள். சட்டம் முகத்துக்குத்தான் என்று விளக்க எனக்கு நாக்கு எழும்பவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒரு சிங்கள ஆன்ட்டி, பார்த்தால் ஆசிரியை மாதிரி, முன்னால் வந்து காவலாளியிடம் அந்தத் தடையை அறிவித்த அரச வர்த்தமானியைக் காட்டு பார்ப்போம் என்றார். அவரிடம் அது எங்கே இருக்கப் போகிறது? உள்ளே விட்டார்கள்.

குண்டு வைத்தவர்களின் உடல்களை எங்கள் மையவாடிகளில் ஏற்க மாட்டோம் என்று மார்க்க அறிஞர்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தபோது, வாப்பா "சரியான பேச்சு" என்று மட்டும் சொன்னார். அந்த மனுஷன் அதற்கு முன் இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. பிறகு மே 13, மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிந்தன. யாரோ செய்ததற்கு யாரோ.

இடையில் நோன்பு. வருடாவருடம் பக்கத்து வீடுகளுக்குக் கஞ்சி கொடுப்போம். அந்த வருடம் உம்மா கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். மூன்று வீட்டில் வழமைபோல வாங்கினார்கள். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. இன்றுவரைக்கும் திறக்கவில்லை. அந்த வீட்டில் ஒருவருக்கு கொச்சிக்கடையில் காயம். உம்மாவுக்குக் கோபம் இல்லை, ஆனால் ஒவ்வொரு நோன்புக்கும் அந்த வீட்டைக் கணக்கில் சேர்த்துத்தான் அரிசி போடுகிறார்.

தெஹிவளையிலிருந்து

சுருக்கமாக. நான் ஹோட்டல் சமையலறையில் இருந்தவன், குண்டு வெடித்த ஹோட்டல்கள் அல்ல. அங்கே காலை உணவு பரிமாறிக்கொண்டே செத்துப்போன ஊழியர்களை நாங்கள் மறக்கவில்லை. தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். 2018 மே மாதம் நாட்டுக்கு 1,29,000க்கு மேல் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2019 மே, 38,000கூட இல்லை. அரைச் சம்பளம், பிறகு கொரோனா, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி. "மீண்டெழுந்தோம்" என்று மேடையில் சொல்கிறவர்களைக் கண்டால், என்னோடு வெங்காயம் நறுக்கிய எத்தனை பேர் இப்போது கட்டாரில் என்று கேட்கத் தோன்றும்.

மட்டக்குளியிலிருந்து

கொச்சிக்கடையில் என் சித்தியை இழந்தோம். சித்தியைப் பற்றி எழுத வரவில்லை. சித்தப்பாவைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் துறைமுகத்தில் வேலை செய்தவர், அரசியல் பேசாதவர். இப்போது ஒரு பைல் வைத்திருக்கிறார். முன்கூட்டியே இந்தியா எச்சரித்தது, அது ஏப்ரல் 4ஆம் தேதியே வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எல்லாம் பத்திரிகைத் துண்டுகளாக அதில் இருக்கிறது. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்கு இழப்பீடாக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா கட்ட வேண்டும், மற்ற நான்கு அதிகாரிகளோடு சேர்த்து மொத்தம் 310 மில்லியன். நாங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டோம். சித்தப்பா வெட்டி ஒட்டிவிட்டு, "சரி, தடுக்காததற்குக் காசு. அனுப்பினவனுக்கு?" என்றார். முன்னாள் ஜனாதிபதி அதைத் தவணை முறையில் கட்டக் கேட்டார் என்ற செய்தியையும் ஒட்டி வைத்திருக்கிறார்.

அந்த வருடம் நான்காம் ஆண்டு நினைவுக்கு கொச்சிக்கடையிலிருந்து, குண்டு வெடித்த இன்னொரு தேவாலயம் இருக்கும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய வரை மனிதச் சங்கிலி போட்டார்கள். சித்தப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற சிங்களப் பெண் நீர்கொழும்பில் மகளைப் பறிகொடுத்தவர். ஆளுக்கு ஆள் மொழி சரியாக வராது. இருவரும் கைப்பையில் இருந்த படங்களை மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள், வயது கேட்டார்கள், அவ்வளவுதான். இப்போது இரண்டு வீடும் நத்தாருக்கு கேக் அனுப்புகிறோம்.

ஏப்ரல் 21 நினைவுக் கூட்டங்களுக்கு அவர் போவார். பெயர்களை வாசிக்கும்வரை நிற்பார். பெரியவர்கள் பேச எழும்பினால் பஸ் ஏறிவிடுவார். போன முறை பாதிரியார் ஒருவர் ஏன் இருக்கவில்லை என்று கேட்டாராம். "பாதர், 4ஆம் தேதி தெரிந்தவர்கள் 21ஆம் தேதி வரைக்கும் என்ன செய்தார்கள் என்று அவர்களில் ஒருவர் எழும்பிச் சொல்லட்டும். அன்றைக்குக் கடைசிவரை இருந்து கேட்கிறேன்" என்றிருக்கிறார்.