நாலு பேர் இல்ல ரெண்டு பேர்: ஒரு கமாவால் செத்த கதைகளைச் சொல்லுங்கள்

பொருநைப்பயல்:

கேம் பிஜிஎம்ஐ, போனில் டீமாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை, எல்லாருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிஜிஎம்ஐயை 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து தூக்கினார்களே, அதற்குக் கொஞ்சம் முன்னால். எரங்கல் மேப், பொச்சின்கி ஊர். நானும் பேட்டைக்காரன் ஒருத்தனும் ஒரு மாடி வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கிறோம். என் சித்தி மகன் தூரத்து மேட்டில் ஸ்கோப் வைத்துப் படுத்திருக்கிறான். அவன் ஆடுவது சேரன்மகாதேவி வீட்டிலிருந்து. பக்கத்துக் கட்டிலில் சித்தப்பா தூங்குகிறார், அதனால் மைக் கிடையாது. டைப் பண்ணுகிறான்:

"வீட்டுக்குள்ள நாலு பேர் இல்ல ரெண்டு பேர்"

அவ்வளவுதான். நான் "நாலு பேர் இல்ல, ரெண்டு பேர்" என்று படித்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் படிப்பான். ரெண்டு பேருக்கு ரெண்டு பேர், ரஷ் போகலாம். கதவைத் திறந்தால் மாடிப்படியில் ஒரு கிரனேட் உருண்டு வருகிறது. டொக். டொக். டொக். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மேலே காலடிகள். இந்த ரூமில் ஒன்று, அந்த ரூமில் ஒன்று, பால்கனியில் ரெண்டு. எண்ணி முடிப்பதற்குள் வெடித்துவிட்டது.

அவன் சொல்ல வந்தது "நாலு பேர், இல்ல ரெண்டு பேர்". அதாவது நாலாகவும் இருக்கலாம், ரெண்டாகவும் இருக்கலாம், சரியாகத் தெரியவில்லை. இன்றைக்கும் கல்யாண வீட்டில் பார்த்தால் "உனக்கு வாசிக்கத் தெரியலலே" என்கிறான். ஒரு கமா போட என்னலே கஷ்டம்?

மேலப்பாளையம் ஸ்மோக்:

தம்பி, கமா மேல் பழியைப் போடாதீங்க. எங்கள் ஸ்குவாடில் தமிழ் எம்.ஏ. படித்த ஒருத்தன் இருந்தான். சோஸ்னோவ்கா தீவுப் பாலத்தில் எதிரிகள் ஜீப்பைக் குறுக்கே போட்டு கேம்ப் அடித்திருந்தார்கள். அவன் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு டைப் பண்ண ஆரம்பித்தான். காத்திருந்தோம். முதலில் ஸ்கிரீனில் அவன் நாக் ஆன, அதாவது அடிபட்டு விழுந்த, செய்தி வந்தது. அதற்கப்புறம் வந்தது இந்த வாக்கியம்: "எதிரே இருவர்; ஒருவர் ஜீப்பின் பின்னால், மற்றவர் தூணருகே." அரைப்புள்ளியைத் தேடி கீபோர்டில் அடுத்த பக்கம் போயிருக்கிறான் பாவி. அந்த நேரத்தில் ஒரு கார்98 துப்பாக்கிக் குண்டு தலையில்.

உங்கள் கதையில் தப்பு வேறு இடத்தில். உள்ளே ரெண்டு பேரே இருந்திருந்தாலும் அந்தக் கதவு வழியாகப் போயிருக்கக் கூடாது. மாடியில் இருக்கிறவனுக்கு உங்கள் காலடி கேட்கும், படிக்கட்டு ஒன்றுதான், அவன் படியைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் போதும். முதலில் கிரனேட்டை நீங்கள்தான் போட்டிருக்க வேண்டும். ஃப்யூஸ் ஐந்து நொடி. பின்னை இழுத்ததும் எறிந்தால் அவன் சாவகாசமாக ஓடிப்போவான். மூன்று நொடி கையில் வைத்திருந்து ஜன்னல் வழியாக எறிந்தால் ஓட நேரம் இருக்காது. அப்புறம் ஒருத்தன் பின்பக்கம் போய்க் கண்ணாடியை உடைத்துச் சத்தம் காட்டணும், மற்றவன் குனிந்து நடந்து ஏறணும். ஸ்மோக்கை, அதான் புகைக் குண்டை, மட்டும் கடைசி வரைக்கும் வைத்திருக்கணும். நாக் ஆனவனைத் தூக்கப் பத்து நொடி ஆகும், அந்தப் பத்து நொடியைத் திறந்த வெளியில் யாரும் சும்மா தர மாட்டான். அதுவும் ஒரே ஸ்மோக் போட்டால் நடுவில் குருட்டாம்போக்கில் சுட்டே கொன்றுவிடுவான். ரெண்டு போடுங்க. ஒன்று உங்களுக்கும் எதிரிக்கும் நடுவில், இன்னொன்று சும்மா ஏமாற்றுவதற்கு வேறு பக்கம். பையில் தோட்டாவைக் குறைத்துவிட்டு ஸ்மோக் எடுங்க. நூற்றைம்பது தோட்டாவுக்கு மேல் எதற்கு, கல்யாணத்துக்கு வெடி போடவா?

பொருநைப்பயல்:

அண்ணே, நான் கேட்டது கமாவைப் பற்றி.

விகேபுரத்தா:

கமாவாவது பரவாயில்லை. என் அத்தை மகனுக்குக் கேள்விக்குறி என்று ஒன்று இருப்பதே தெரியாது. சான்ஹோக் மேப்பில் நான் புதருக்குள் உட்கார்ந்து ஃபர்ஸ்ட் எய்ட் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவனிடமிருந்து "பாறைக்குப் பின்னாடி ஆள் இல்ல" என்று வந்தது. சரி என்று எழுந்து பாறைப்பக்கம் ஓடினேன். முதுகில் டங்ங் என்று ஒரு சத்தம். முதுகில் தொங்கின தோசைக்கல் சைஸ் ஃப்ரையிங் பேன்தான் குண்டை வாங்கியிருக்கிறது. அந்தப் பேன் இல்லாவிட்டால் அங்கேயே முடிந்திருக்கும். அப்புறம் கேட்டால் "நான் உன்கிட்டதானக்கா கேட்டேன், ஆள் இல்லையான்னு" என்கிறான். நீ எங்கே கேட்டாய்? சொல்லத்தானே செய்தாய்! அந்த டங் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வீட்டில் பாத்திரம் கீழே விழுந்தால்கூடத் திரும்பிப் பார்க்கிறேன்.

ஸ்மோக் அண்ணே, நீங்கள் சொன்னதில் ஒன்று சரியில்லை. நூற்றைம்பது தோட்டா எம்416 துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்குப் பத்தவே பத்தாது.

பழைய புரூஃப்காரன்:

வணக்கம். பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் பல வருடம் பிழை திருத்தியவன். இப்போது பேரப்பிள்ளைகளோடு இந்த விளையாட்டை ஆடுகிறேன். என் அனுபவம் சிறியது: பேரன் "தாத்தா சுடு" என்று அனுப்பினான். 'தாத்தா' என்பதற்குப் பின் காற்புள்ளி இல்லாததால், தாத்தாவைச் சுடச் சொல்லி நண்பனுக்கு அனுப்பிவிட்டான் என்று ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவே.

ஆனால் இங்கே எல்லாரும் குறியையே குறை சொல்வதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ் நெடுங்காலம் இந்தக் குறிகள் இல்லாமலே பிழைத்தது. ஏட்டுச்சுவடியைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காமல் எழுதினார்கள். காற்புள்ளிக்கு எங்கே போவது? காற்புள்ளியும் வினாக்குறியும் ஐரோப்பியரின் அச்சுப் பழக்கத்தோடு வந்தவை. (1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சிட்ட அண்ட்ரிக் அடிகளார் நம்முடைய தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் இருந்தவர்தான். இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.)

குறி இல்லாமல் எப்படிப் புரிந்தது என்றால், வேலையைச் சொல்லே செய்தது. கேள்விக்கு 'ஆ' இருக்கிறது. அந்த அம்மாவின் அத்தை மகன் "ஆள் இல்லையா" என்று எழுதியிருந்தால் கேள்விக்குறி எதற்கு? பிறர் பேச்சை எடுத்துச் சொல்ல 'என்று' இருக்கிறது. முதல் தம்பியின் வாக்கியத்தில் சிக்கல் காற்புள்ளி அன்று. 'இல்ல' என்ற ஒரே சொல்லை மறுப்புக்கும் ஐயத்துக்கும் வைத்துக்கொண்டதுதான். "நாலு பேர் அல்ல ரெண்டு பேர்", "நாலு பேர் அல்லது ரெண்டு பேர்" என்று எழுதிப் பாருங்கள். எந்தக் குறியும் வேண்டாம். பேட்டைக்காரத் தம்பியும் உயிரோடு இருந்திருப்பார்.

பொருநைப்பயல்:

அண்ணாச்சி, நீங்க சொல்றது சரிதான். ஆனால் ஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு எவன் "அல்லது" என்று அடிப்பான்?

பழைய புரூஃப்காரன்:

ஓரெழுத்துதான் அதிகம், தம்பி.

மேலப்பாளையம் ஸ்மோக்:

அந்த ஓரெழுத்து அடிக்கிற நேரத்தில் ஒரு ஸ்மோக் போடலாம்.

ஆர்ச் முக்குப் பையன்:

நான் ரொம்ப நாளாகச் சொல்லணும் என்று இருந்தேன். புரூஃப் அண்ணாச்சியோடு நாங்கள் நாலைந்து ராத்திரி ஸ்குவாட் ஆடியிருக்கிறோம். நல்லா ஆடுவார், யார் நாக் ஆனாலும் விட்டுவிட்டு ஓட மாட்டார். ஆனால் என் தம்பி அவர்கூட வர மாட்டேன் என்று நின்றுவிட்டான். காரணம் கேட்டால் சிரிப்பீங்க. இவன் "அண்ணாச்சி நான் வலதுபக்கம் போறேன்" என்று அனுப்புவான். அவர் பதில்: "சரி." அப்புறம் "லெவல் த்ரீ ஹெல்மெட் இருக்கு எடுத்துக்கிடவா" என்பான். அவர்: "எடுத்துக்கொள்." ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி. எங்கள் வயசுக்காரர்கள் கோபமாக இருந்தால் மட்டும்தான் அப்படி வைப்போம். சும்மா என்றால் "சரி", ரொம்பச் சரி என்றால் "சரிரிரி". தம்பி அந்தப் புள்ளியைப் பார்த்துப் பார்த்தே சுருங்கிப்போனான். ஹெல்மெட்டைக் கழற்றி அவர் காலடியில் போட்டுவிட்டு, அடி தாங்காத லெவல் ஒன் ஹெல்மெட்டோடு போய்ச் செத்தான். அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அண்ணாச்சி அந்த ஹெல்மெட்டைத் தொடவே இல்லை, அதையே சுற்றிச் சுற்றி நடந்தார்.

பழைய புரூஃப்காரன்:

எனக்கு இது தெரியாது. முற்றுப்புள்ளி வாக்கியம் முடிந்ததைக் காட்டும். கோபத்தைக் காட்ட உணர்ச்சிக்குறி இருக்கிறது. ஹெல்மெட் அவனுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். தம்பியை இன்றிரவு வரச் சொல்லுங்கள்.

ஆர்ச் முக்குப் பையன்:

இதைக் காட்டினேன் அண்ணாச்சி. "பாத்தியா, கடைசியில மறுபடியும் புள்ளி வச்சிருக்காரு" என்கிறான்.