வயதான ஜெர்பிலுக்கு உடம்பு முடியாமல் போனபோது: உங்கள் அனுபவம் என்ன?

குரோய்டன்காரி

மிளகு எங்கள் ஜெர்பில், எலி மாதிரி ஒரு சின்ன வளர்ப்புப் பிராணி. மூன்றரை வயது. கறுப்பு. மற்றபடி உங்கள் வீட்டு ஜெர்பில் எப்படியோ அப்படித்தான். ஒருநாள் காலையில் தொட்டியைப் பார்த்தால் தலை வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அதே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருகிறான். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். எடை பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், "பக்கவாதம், இந்த வயதில் வருவதுதான்" என்று சொல்லி வலிமருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்.

எனக்கு அன்று ராத்திரிதான் மறக்கவில்லை. சூரியகாந்தி விதை ஒன்று கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, ஓரத்தில் கீறி, தோலைப் பிளந்து எறிவார்களே, அதற்கு ஒரு கை வரவே இல்லை. விதை நழுவி விழும், எடுப்பான், மறுபடி விழும். கடைசியில் ஓரமாகப் போய், விதையைத் தொட்டிக் கண்ணாடிக்கும் தன் மூக்குக்கும் நடுவில் அழுத்தி வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் உரிக்கப் பார்த்தான். நான் உரித்துக் கொடுத்ததைத் தொடவில்லை. தோலோடு இருப்பதுதான் வேண்டுமாம்.

அதற்கப்புறம் சில வாரம் இருந்தான். சாய்வு குறைந்த மாதிரி இருந்தது, பிறகு இன்னும் அதிகமானது. வேறொரு கிளினிக்கில் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே வெள்ளையாக ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். அப்படியென்றால் முதலில் பார்த்தவர் ஏன் காதைத் தொடவே இல்லை? இது என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

ஸ்கார்பரோ அம்மா

எங்கட வீட்டில் காது இல்லை, வயிறு. இரண்டு பெடியன்கள், ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தம்பி. பெரியவனுக்கு வயிற்றின் நடுவில் இருக்கிற வாசனைச் சுரப்பி தெரியும்தானே, அதில் ஒரு பொருக்கு வந்தது. மகள் கையில் எடுத்தபோது அவளின் உள்ளங்கையில் ஒரு துளி இரத்தம் ஒட்டியிருந்தது. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, கிழட்டு ஆண்களுக்கு இது வழமை, கட்டி சின்னனாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் நல்லம் என்றார். சத்திரசிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது.

பிரச்சினை வீட்டுக்கு வந்த பிறகுதான். தையலைக் கடிப்பான் என்று பயந்துகொண்டிருந்தோம். அவன் தையலைப் பார்க்கவே இல்லை. தம்பிக்காரன்தான் கிட்ட வந்து மணந்து பார்த்தான். அப்படியே நின்றான். பிறகு பின்னங்காலால் தரையில் அடிக்கத் தொடங்கினான், டப் டப் என்று, எங்களுக்கு மேல்மாடி வரைக்கும் கேட்டது. மூன்று வருடம் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்ததுகள். ஆஸ்பத்திரி மணம் ஒன்று போதும், ஆள் அந்நியனாகப் போயிட்டான்.

நடுவில் கம்பிவலை வைத்து, ஒருவனின் படுக்கையை மற்றவன் பக்கம் மாற்றி மாற்றிப் போட்டுத்தான் திரும்பச் சேர்த்தோம். தம்பியையும் கூடவே கூட்டிக்கொண்டு வாங்கோ என்று அந்தக் கிளினிக்கில் ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

வீவக எலி

சிங்கப்பூரிலிருந்து. எங்கள் ஜெர்பில் பாப்பாவுக்கு நோய் என்பதே இந்த ஊர்க் காற்றுதான் என்று எனக்குத் தோன்றும். மங்கோலியப் புல்வெளியில், காய்ந்த மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்கிற பிராணி அது. சூட்டைத் தாங்கும், ஈரப்பதத்தைத் தாங்காது. மழைக்காலத்தில் முடியெல்லாம் எண்ணெய் தேய்த்ததுபோல் பிரிந்து நிற்கும். அதனால் ஏர்கான் நிற்பதில்லை. மின்கட்டண ரசீது வரும்போதெல்லாம் வீட்டுக்காரர் தொட்டியைத்தான் பார்ப்பார்.

மூன்று வயது தாண்டியதும் மூச்சில் ஒரு சத்தம் வந்தது. காதருகில் வைத்தால் டிக், டிக் என்று கேட்கும். ஒருநாள் ராத்திரி மூக்கைச் சுற்றி, கண்ணோரத்தில், முன்னங்கையில் எல்லாம் சிவப்பு. ரத்தம் கக்குகிறது என்றே நினைத்து, அந்த நேரத்தில் கிராப் டாக்சி பிடித்து அவசர கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த இளம் டாக்டர் அறை விளக்கை அணைத்துவிட்டு ஊதா விளக்கு ஒன்றை அடித்தார். நோட்டு கள்ளநோட்டா என்று பார்க்க அடிப்பார்களே, அந்த மாதிரி. இருட்டில் என் பாப்பாவின் மூக்கும் இரண்டு கையும் ரோஸ் நிறத்தில் மின்னின.

"ரத்தம் இப்படி மின்னாது" என்றார். கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறதாம், அதிலிருந்து வருகிற போர்ஃபைரின் என்ற நிறமியாம். உடம்பு முடியாதபோதும் மனக்கலக்கத்திலும் அதிகமாகச் சுரக்கும். தன்னைச் சுத்தம் செய்துகொள்ளத் தெம்பில்லாவிட்டால் முகத்தில் அப்படியே காய்ந்து நிற்கும், புண்ணும் ஆகும். நெஞ்சுச் சளிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார். இன்னும் கொஞ்ச காலம் இருந்தாள். அந்த ரோஸ் நிற மூக்கு என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

லெஸ்டர் அண்ணன்

குரோய்டன் தங்கச்சி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது பக்கவாதமே இல்லை. காதுக்குள் வெள்ளையாக அடைத்திருந்தது என்றால் கொலஸ்டியடோமா. செத்த தோல் அடுக்கடுக்காகச் சேர்ந்து செவிப்பறையை உள்ளே தள்ளும், எலும்பையும் அரிக்கும். புற்றுநோய் இல்லை. இரண்டு வயது தாண்டிய ஜெர்பில்களில் ஏறக்குறையப் பாதிக்கு இது வரும். தலை சாய்வதும் சுற்றுவதும் அதனால்தான். அந்த டாக்டருக்கு ஜெர்பிலே தெரியவில்லை.

என் கதை சின்னது. பழைய பொன்னன் பக்கவாதம் வந்து, தண்ணீர்ப் பாட்டில் எட்டாமல், அதன் அடியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பாட்டிலைத் தாழ்த்திக் கட்டினேன், குடித்தான். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதுகிறவர்கள் யாருமே தராசைப் பற்றிச் சொல்லவில்லை. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். ஜெர்பிலின் எடையே 60 முதல் 100 கிராம். 75 கிராம் உள்ளது 68 ஆனால் கண்ணுக்குத் தெரியாது, முடி மறைத்துவிடும். ஆனால் உடம்பில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். தினமும் ஒரே நேரத்தில் கிண்ணத்தில் வைத்து எடை எழுதுங்கள்.

சாப்பாடு: விதையை உரித்துப் பொடியாக்கி, ஓட்ஸோடு வெந்நீரில் குழைத்து ஆறவைத்துக் கொடுங்கள். சர்க்கரை சேர்க்காத குழந்தை உணவும் ஆகும், ஆனால் வெங்காயம், பூண்டு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். சிரிஞ்ச் என்றால் 1 மில்லி சிரிஞ்ச். நேராகத் தொண்டைக்குள் அடிக்காதீர்கள். பக்கவாட்டில், பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் ஒரு சொட்டு, அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் நுரையீரலுக்குப் போய்விடும். உடம்பு ஜில்லென்று இருந்தால் முதலில் சூடு, அப்புறம்தான் சாப்பாடு. குளிர்ந்த வயிற்றுக்குள் ஊட்டினால் செரிக்காது.

சக்கரம், ஏணி, மேல்தட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். படுக்கையைக் குறைக்கச் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். ஒரு மூலையிலாவது தோண்ட ஆழம் இருக்கட்டும். தோண்ட முடியாத ஜெர்பிலுக்கு வேறென்ன இருக்கிறது? முன்பல்லையும் வாரம் ஒருமுறை பாருங்கள். கடிக்காமல் விட்டால் வளர்ந்து வளைந்து அண்ணத்தில் குத்தும், டாக்டர்தான் வெட்ட வேண்டும். தூக்கும்போது வால் நுனியைப் பிடிக்கவே கூடாது, தோல் உரிந்து கையோடு வந்துவிடும். இதெல்லாம் தெரியும் என்பீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

குரோய்டன்காரி

அண்ணா, ஒரு கை வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறேனே. காதுக் கட்டிக்குக் கை எப்படி விழும்?

லெஸ்டர் அண்ணன்

இரண்டும் சேர்ந்து இருந்திருக்கலாம். அந்த வயதில் அதிசயமில்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் வளையம் இதுகளுக்கு முழுசாக மூடியிருக்காது. பக்கவாத ஆராய்ச்சிக்கூடங்களில் பல வருடம் ஜெர்பிலை வைத்திருந்ததே அதற்காகத்தான். நான் சொல்ல வந்தது, காதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது.

குரோய்டன்காரி

அதைத்தானே நானும் கேட்டேன்.

ஹாரோ மாமா

ஸ்கார்பரோ அக்கா தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வயதில் மயக்க மருந்து கொடுத்து வெட்டியது யாருக்காக? நாங்கள் வெட்டவில்லை. எங்கள் சுண்டலுக்கும் அதே இடத்தில் அதே கட்டி. தாங்கும் வரை வலிமருந்து. தேன் வாசனை வருகிற மருந்து, அதற்காகவே சிரிஞ்சைக் கண்டால் ஓடி வரும். புண் பெரிதாகி, வயிறு தரையில் உரசாமல் இருக்கக் காலை அகட்டி நடக்க ஆரம்பித்ததும் டாக்டரிடம் கொண்டுபோனோம்.

சின்ன கண்ணாடிப் பெட்டியில் விட்டு முதலில் மயக்க வாயு, அப்புறம் ஊசி. நான் கூடவே நின்றேன். வாயு வருவதற்கு முன்பு அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து முகம் கழுவியது. காதுக்குப் பின்னால் வரை, இரண்டு கையாலும், வீட்டில் தினமும் செய்வதுபோல, அவசரமே இல்லாமல். பக்கத்தில் குழாயைத் திருகிக்கொண்டிருந்த நர்ஸ் அது முடிகிற வரைக்கும் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் ஏன் காத்திருந்தாள் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ஸ்கார்பரோ அம்மா

நான் ஏன் தப்பாக எடுக்கிறேன். ஆனால் ஒன்று சொல்லுங்கோ. புண் பெரிதாகி, காலை அகட்டி நடக்கிற மட்டும் விட்டது யாருக்காக? எங்கடவன் வெட்டின பிறகு ஒரு கோடை, ஒரு குளிர்காலம், அடுத்த கோடையிலும் பாதி இருந்தான். கட்டி பட்டாணி அளவில் இருக்கேக்கை வெட்டுறதும், புண்ணான பிறகு வெட்டுறதும் ஒன்றில்லை. வயதைப் பார்க்கக்கூடாது, கட்டியைப் பார்க்க வேணும் என்று வைத்தியரே சொன்னவர்.

ஹாரோ மாமா

எல்லா டாக்டரும் அப்படிச் சொல்வதில்லை. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஊட்டிக் குளிர்

என்னிடம் இருந்தது ஜெர்பில் இல்லை, சிரியன் ஹாம்ஸ்டர். எழுதலாமா தெரியவில்லை. ஜனவரி மாதம், வெளியே புல்லெல்லாம் உறைபனி. காலையில் பார்த்தால் உருண்டையாகச் சுருண்டு, ஐஸ் மாதிரி கிடக்கிறது. மூச்சே தெரியவில்லை. அப்பா தோட்டத்தில் கேரட் பாத்திக்குப் பக்கத்தில் குழி தோண்டிவிட்டார். அம்மாதான் விறகடுப்பு ஓரம் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று துணியில் சுற்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் மீசை ஒன்று ஆடியது. அந்த ஒற்றை மீசை! அப்பா மண்வெட்டியோடு வாசலிலேயே நிற்கிறார். எனவே யாரும் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள், குளிர் உறக்கமாக இருக்கலாம்.

லெஸ்டர் அண்ணன்

தம்பி, ஹாம்ஸ்டருக்குச் சரி. ஜெர்பிலுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஜெர்பில் குளிர் உறக்கம் போகாது. மங்கோலியக் குளிரில் அதுகள் கூட்டமாக வளைக்குள் சேர்ந்து கிடந்து, சேர்த்து வைத்த தானியத்தைத் தின்று காலம் தள்ளும். ஜெர்பில் உடம்பு ஜில்லென்று இருந்தால் அது தூங்கவில்லை, போய்க்கொண்டிருக்கிறது. வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

இன்னொன்று. அங்கே யாராவது ஜெர்பில் வைத்திருந்து ஆடுமாடு பார்க்கிற டாக்டரிடம் கொண்டுபோனால், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த ஊசி வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மாட்டுக்குச் சகஜமாகப் போடுவது. ஜெர்பிலுக்கு நரம்பும் தசையும் செயலிழந்து நிமிடங்களில் உயிர் போய்விடும்.

ஊட்டிக் குளிர்

இங்கே டாக்டர் ஹாம்ஸ்டரைப் பார்த்ததும் "இது என்னது?" என்றுதான் கேட்டார், அண்ணா.

டோர்ட்முண்ட் மச்சாள்

ஒருவரும் வலிப்பைப் பற்றி எழுதவில்லை. எங்கட மஞ்சளுக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்தது. புது இடத்தில் விட்டால், காதைத் தாழ்த்திக்கொண்டு உதறும், சில நிமிடத்தில் எழும்பி ஒன்றும் நடக்காத மாதிரிப் போயிடும். அதனால் கிழவியான பிறகு பக்கவாதம் வந்தபோதும் வலிப்பு என்றுதான் வீட்டில் எல்லோரும் இருந்தம். எழும்பும், எழும்பும் என்று தேத்தண்ணி ஆறுமட்டும் பார்த்துக்கொண்டிருந்தம். எழும்பினது, ஆனால் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு. வலிப்பு முழுதாக விட்டுப் போகும், பக்கவாதம் எதையாவது வைத்துவிட்டுப் போகும்.

சிங்கப்பூர் அக்காவிடம் ஒரு கேள்வி. எங்கட மற்றக் கிழவிக்கும் இப்போது மூக்குச் சிவக்குது. கடையில் மலிவாக விற்கிற அந்த ஊதா லைட்டை அடித்தால் வீட்டிலேயே தெரியுமா?

வீவக எலி

தெரியும், நானும் பிறகு ஒன்று வாங்கி வைத்தேன். கண்ணில் நேராக அடிக்காதீர்கள். ஈர டிஷ்யூவால் மூக்கை மெதுவாக ஒற்றி எடுத்து, டிஷ்யூவின் மேல் அடித்துப் பாருங்கள். மின்னாவிட்டால் அது ரத்தம்தான் என்று வைத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள். மின்னினாலும் காலையில் காட்டிவிடுங்கள், காரணம் இல்லாமல் அவ்வளவு சுரக்காது. மணல் குளியலுக்குத் தூசு இல்லாத மணல் வையுங்கள். கிளம்பும்போது கூட இருப்பதையும் சேர்த்துக் கூண்டில் போடுங்கள், ஸ்கார்பரோ அக்கா சொன்னது சரி.