சிசிஜிக்குத் தமிழ்: நுகமா, தளையா?

பொருள்: சிசிஜிக்குத் தமிழ் என்ன?

வணக்கம்.

பரிமாற்று இயற்கணிதத்துக்கு ஓர் அறிமுகக் கட்டுரை எழுதிவருகிறேன். அணி, வளையம், களம் எல்லாம் கைவசம் இருக்கின்றன. ஐடியலுக்கு இங்கே பழகிவிட்ட 'சீர்மம்' என்பதையே வைத்துக்கொண்டேன். 'சிசிஜி' (syzygy) வந்ததும் நின்றுவிட்டேன். எழுத்துப்பெயர்ப்பாகவே விட்டால் வாசிப்பவர் வாயில் நுழையாது. 'ஒருபடிச் சார்பு' என்று எழுதிப் பார்த்தேன். சார்பு என்றதும் பிள்ளைகளுக்கு வேறு பாடம்தான் நினைவுக்கு வரும். யாராவது கை கொடுங்கள்.

---

மறு: சிசிஜிக்குத் தமிழ் என்ன?

அன்புடையீர்,

என் கணக்குப் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. கிரேக்க மூலத்தைப் பார்த்தேன். 'ஒரே நுகத்தில் பூட்டியது' என்பது பொருள். நுகம் நல்ல பழந்தமிழ்ச் சொல். 'நுகம்' அல்லது 'நுகப்பிணை' எனலாமே. ஆனால் பொருள் முழுதாக விளங்காமல் சொல் செய்வது எனக்கு உடன்பாடில்லை. அது என்ன வேலை செய்கிறது என்று யாராவது என்னைப் போன்றவர்களுக்கும் புரியும்படி சொல்ல முடியுமா?

---

மறு: மறு: சிசிஜிக்குத் தமிழ் என்ன?

ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு அணிக்கோவையே போதும்.

க, ச, ட, த என்று நான்கு மாறிகள். இரண்டு நிரை, மூன்று நிரல் உள்ள ஓர் அணி. மேல் நிரை: க, ச, ட. கீழ் நிரை: ச, ட, த. ஒவ்வொரு நிரலாக மறைத்துவிட்டு மிஞ்சும் 2×2 சிற்றணிக்கோவைகளை எழுதினால் மூன்று கோவைகள் வரும்:

கட − ச²
கத − சட
சத − ட²

இப்போது மேல் நிரையை இன்னொரு முறை அணியின் உச்சியில் எழுதி 3×3 ஆக்குங்கள். இரண்டு நிரைகள் ஒன்றாகிவிட்டன, ஆகவே அணிக்கோவை பூச்சியம். அதை விரித்தால்:

க(சத − ட²) − ச(கத − சட) + ட(கட − ச²) = 0

கீழ் நிரையைத் திரும்ப எழுதினாலும் இதே கதை:

ச(சத − ட²) − ட(கத − சட) + த(கட − ச²) = 0

இப்படிக் கோவைகளைக் கெழுக்களால் பெருக்கிக் கூட்டினால் பூச்சியம் வரும் உறவுகள்தான் சிசிஜிகள். அந்த மூன்று கோவைகளுக்கும் இடையே வேறு எந்தச் சிசிஜியை நீங்கள் கண்டுபிடித்தாலும், அது இவ்விரண்டையும் ஏதாவது கோவைகளால் பெருக்கிக் கூட்டியதாகவே இருக்கும். எந்த அணி அந்த மூன்றையும் பெற்றதோ, அதன் நிரைகளே அவற்றைக் கட்டியும் வைத்திருக்கின்றன. ஹில்பர்ட் 1890இல் தொட்டுவைத்த இந்த விஷயத்தை 1968இல் பர்ச் பொதுத் தேற்றமாக்கினார். பரிமாற்று இயற்கணிதமும் அணிக் கோட்பாடும் கைகுலுக்கும் இடங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

'ஒருபடிச் சார்பு' ஏன் ஆகாது என்பதும் இங்கேயே தெரிகிறது. திசையன்களுக்குள் இப்படி ஒரு சமன்பாடு வந்தால், பூச்சியமல்லாத ஒரு கெழுவால் வகுத்து, ஒரு திசையனை மற்றவற்றால் எழுதி, அதைக் கழித்துவிடலாம். இங்கே கெழுக்களே க, ச, ட. பல்லுறுப்புக்கோவைகளின் வளையத்துக்குள் கூட்டலாம், பெருக்கலாம், ஆனால் அவற்றால் வகுக்க வழியில்லை. மூன்றில் எதையும் கழிக்க முடியாது, மூன்றும் தேவை. ஆனாலும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றன. 'சார்பு' என்ற சொல்லில் ஒன்று மற்றதை அண்டி நிற்கும் தொனி இருக்கிறது. இங்கே யாரும் யாரையும் அண்டியில்லை.

இனி நுகம். எனக்கும் முதலில் அதன் மீதுதான் கண் போனது. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. க, ச, ட என்ற மூன்று மாறிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கிடையே மூன்று அடிப்படைச் சிசிஜிகள், கெழுக்களை வரிசையாக எழுதினால்:

(0, ட, −ச)
(−ட, 0, க)
(ச, −க, 0)

அடுக்கிப் பாருங்கள், எதிர் சமச்சீர் அணி! முதல் நிரையை க-வாலும், இரண்டாவதை ச-வாலும், மூன்றாவதை ட-வாலும் பெருக்கிக் கூட்டினால் எல்லாம் பூச்சியம். அதாவது சிசிஜிகளுக்கிடையே ஒரு சிசிஜி. அதற்கு மேல் எதுவும் இல்லை, சங்கிலி நின்றுவிடுகிறது. எத்தனை மாறிகளோ அத்தனை படிகளுக்குள் இந்தச் சங்கிலி நின்றே தீரும் என்பதுதான் 1890இல் ஹில்பர்ட் நிறுவிய தேற்றம்.

ஆக நமக்கு வேண்டிய சொல் படிப்படியாக அடுக்கத் தக்கதாக இருக்க வேண்டும். 'இரண்டாம் நுகம்', 'மூன்றாம் நுகம்' என்றால் எனக்கு மாடுகளின் எண்ணிக்கைதான் கூடுகிறது. நுகத்தை நுகத்தில் பூட்டுவதும் கற்பனைக்கு எட்டவில்லை. 'பிணைப்பு' வேதியியலுக்குப் போய்விட்டது. 'தொடர்பு' கணங்களின் பாடத்தில் ஏற்கெனவே வேலை பார்க்கிறது.

என் பரிந்துரை: தளை.

யாப்பிலக்கணம் அறிந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் பொருந்தும் முறையே தளை. மாமுன் நிரை, விளமுன் நேர். தளை இந்தச் சீருக்குள்ளும் இல்லை, அந்தச் சீருக்குள்ளும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சிசிஜியும் அப்படித்தான்: எந்தக் கோவையையும் தனியாகப் பார்த்தால் அது கண்ணில் படாது. யாப்பில் தளை இரண்டு சீரைத்தான் கட்டும், உண்மை. ஆனால் தளைத்தல் என்ற வினைக்கு அந்த வரம்பு இல்லை, எத்தனையையும் தளைக்கலாம்.

இது வலிந்து கொண்டுவந்த ஒப்புமையும் அல்ல. கிரேக்க யாப்பிலும் அதே சொல் இரண்டு சீர்களின் கூட்டைக் குறித்தது. அதைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் சில்வெஸ்டர். 'அணி' என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் 1850இல் பெயர் வைத்தவரும் அவரே. பெயர் வைப்பதில் அவருக்கு இருந்த ஆசைக்கு அளவே கிடையாது. 1870இல் செய்யுளின் விதிகளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார், அதிலும் ஒலிகளின் இயைபுக்கு இதே சொல்லைத்தான் எடுத்தாண்டார்.

இன்னொரு வசதி. மாடுல் என்பது திசையன் வெளி போன்றதுதான், கெழுக்கள் மட்டும் களத்துக்குப் பதில் வளையத்திலிருந்து வரும். ஒரு மாடுலின் பிறப்பாக்கிகளுக்கிடையே (அதை முழுதும் உண்டாக்கும் உறுப்புகளுக்கிடையே) எந்தச் சிசிஜியும் இல்லாமல் அவற்றைத் தேர்ந்துகொள்ள முடிந்தால் அதை 'ஃப்ரீ' என்கிறார்கள். நமக்கு அது 'தளையற்ற மாடுல்'. வரையறை பெயரிலேயே வந்துவிட்டது, ஆங்கிலத்தில் அப்படி வரவில்லை. தளையற்ற மாடுல்களால் படிப்படியாகப் பிரித்துக் காட்டும் 'ஃப்ரீ ரெசல்யூஷன்' தளையவிழ்ப்பு. அரும்பு மலர்வதைத் 'தளையவிழ்' என்று பழம்பாடல்களில் படித்திருப்பீர்கள்.

---

மறு: தளை

யாப்பு ஒப்புமை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் மூன்று தடைகள்.

ஒன்று, இன்றைய தமிழில் தளை என்றால் விலங்கு. 'அடிமைத் தளை' என்பதைத் தவிர யாரும் வேறு இடத்தில் எழுதுவதில்லை. இரண்டு, ளகரத்தை லகரமாக ஒலிக்கும் வகுப்பில் 'தளை அணி' என்பது 'தலையணி' ஆகும், பிறகு தலையணை ஆகும். பாடம் நடத்துபவர் பாடு திண்டாட்டம். மூன்றாவதுதான் முக்கியம். அவிழ்ப்பு என்றால் கடைசியில் அவிழ்ந்து முடிய வேண்டும். பல்லுறுப்புக்கோவை வளையத்தில் அது முடியும். மற்ற வளையங்களில் சங்கிலி முடிவில்லாமல் ஓடுமே, அதற்கும் 'அவிழ்ப்பு' பொருந்துமா?

---

மறு: மறு: தளை

மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் சரக்கு இருக்கிறது.

க, ச மேல் நிரை. ட, த கீழ் நிரை. இந்த 2×2 அணியையும் அதன் சேர்ப்பு அணியையும் பெருக்கினால் (கத − சட) மடங்கு அலகு அணி வரும், எந்த வரிசையில் பெருக்கினாலும். இப்போது கத = சட என்று அறிவித்துவிட்ட வளையத்துக்குள் போங்கள். அங்கே அந்தப் பெருக்கம் பூச்சியம். அணியின் நிரல்களுக்கிடையே உள்ள தளைகளைச் சேர்ப்பு அணி தருகிறது, சேர்ப்பு அணியின் நிரல்களுக்கிடையே உள்ள தளைகளை மறுபடி அந்த அணி தருகிறது. இது, அது, இது, அது என்று சங்கிலி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே சமன்பாட்டால் வெட்டிய வளையங்களில் முடிவற்ற சங்கிலிகள் சில படிகளுக்குப் பின் இப்படி இரண்டிரண்டாகத்தான் சுழலும் என்று 1980இல் ஐசன்பட் காட்டினார். 'அணிக் காரணிப்படுத்தல்' என்ற துறை அங்கிருந்து கிளம்பி இன்று இயற்பியல் வரை போயிருக்கிறது.

பெயருக்கு இதனால் பழுதில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு சுற்றுத் தளை அவிழ்கிறது, அடியில் இன்னொன்று தென்படுகிறது. அவிழ்ப்பு என்பது செயலின் பெயர், முடிவின் பெயர் அல்ல. முடிந்தால் 'முடிவுறு தளையவிழ்ப்பு', இல்லாவிட்டால் 'முடிவிலித் தளையவிழ்ப்பு'.

விலங்கு என்ற பொருள் கெடுதல் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பொருளால்தான் 'தளையற்ற' என்பது சொன்னவுடன் விளங்குகிறது. தலையணை விஷயத்தில் எனக்கும் மறுமொழி இல்லை. 'தளைகளின் அணி' என்று பிரித்தே எழுதிவிடலாம்.

ஒரு சொல்லைச் சோதிக்க நல்ல வழி அண்மை முடிவுகளை அதில் எழுதிப் பார்ப்பது. எழுதிப் பார்த்தேன்:

"கோவைகளின் எண்ணிக்கையும் படிகளும் (degree) தெரிந்தால் போதும், மாறிகள் எத்தனை இருந்தாலும் தளையவிழ்ப்பின் நீளத்துக்கு ஒரு வரம்பு உண்டு." ஸ்டில்மன் எழுப்பிய இந்தக் கேள்விக்கு அனான்யானும் ஹாக்ஸ்டரும் தந்த நிறுவல் 2020இல் அச்சானது. வாக்கியம் தடுக்கவில்லை.

"மாறிகள் மூன்றின் தளையவிழ்ப்பில் தளையற்ற மாடுல்களின் தரங்கள் 1, 3, 3, 1. கூட்டினால் 8, அதாவது 2³." மாறிகள் ந என்றால், களத்தின் மேல் முடிவுறு பரிமாணம் உடைய, பூச்சியமல்லாத எந்த மாடுலை எடுத்தாலும் இந்தக் கூட்டுத்தொகை 2-இன் ந-ஆம் அடுக்குக்குக் கீழே இறங்காது. களத்தின் சிறப்பெண் 2 அல்லாதபோது (அதாவது அங்கே 1 + 1 பூச்சியமாகாதபோது) 2017இல் வாக்கர் இதை நிறுவினார். விட்டுப்போன சிறப்பெண் 2-ஐ 2023இல் வாண்டிபோகர்ட்டும் அவரும் சேர்ந்து முடித்தார்கள். இதிலும் தளை தட்டவில்லை!

கட்டுரையாசிரியருக்கு: முதல் இடத்தில் 'சிசிஜி எனப்படும் தளை' என்று ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு தளை என்றே போங்கள். 'தளைசார்' என்ற பெயரடையும் தயங்காமல் வரும். 'மாடுல்' மட்டும் இன்னும் மாடுலாகவே நிற்கிறது. 'மட்டு' என்று சிலர் எழுதுகிறார்கள். மட்டு எண்கணிதம் பக்கத்திலேயே இருப்பதால் எனக்கு அது உவப்பில்லை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.