பெயர் பொருந்தவில்லை என்று புது ஃபைபர் இணைப்பு நிற்கிறது. பழையதை நானே ரத்து செய்துவிடலாமா?

சரவணன்_ஈஸ்ட்ஹாம்

வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் வரிசை வீடு ஒன்றில் இருக்கிறோம். இப்போதுள்ள இணைப்பில் தெருமுனைப் பச்சைப் பெட்டி வரைக்கும்தான் ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செம்புக் கம்பி. டவுன்லோடு எப்படியோ ஓடிவிடுகிறது. அப்லோடுதான் உயிரை வாங்குகிறது. என் மனைவி வீட்டிலிருந்தே கட்டட வரைபட வேலை பார்க்கிறாள். அவள் ஒரு பெரிய ஃபைலை அனுப்ப ஆரம்பித்தால் மாடியில் மகனின் ஆன்லைன் ட்யூஷன் நின்றுவிடும். இந்த வகை இணைப்பில் அதிகபட்சமே டவுன்லோடு 80, அப்லோடு 20 மெகாபிட்தானாம். எங்களுக்கு அதில் பாதிகூட வருவதில்லை.

போன வருடம் எங்கள் தெருக் கம்பங்களில் புது நிறுவனம் ஒன்று கேபிள் இழுத்தது. வீட்டுக்குள் வரைக்கும் முழு ஃபைபர், டவுன்லோடும் அப்லோடும் 500. மாதக் கட்டணமும் இப்போது கட்டுவதைவிடக் குறைவு. பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் ஆர்டர் போட்டேன்.

அங்கேதான் சிக்கிக்கொண்டது. "இந்த முகவரியில் உங்கள் பெயரில் இணைப்பு எதுவும் இல்லை என்று உங்கள் பழைய நிறுவனம் சொல்கிறது" என்று புது நிறுவனத்திடமிருந்து மெயில் வந்தது. பழைய நிறுவனத்தைக் கூப்பிட்டால், "எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அவசரம் என்றால் நீங்களே ரத்து செய்துவிட்டு அங்கே புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்.

எனக்குக் கவலை வீட்டு போன் எண்ணைப் பற்றித்தான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருக்கும் 020 எண். பள்ளிக்கூடம், ஜிபி சர்ஜரி (எங்கள் டாக்டர் கிளினிக்), பேங்க் எல்லாரிடமும் அதுதான் இருக்கிறது. கும்பகோணத்தில் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப் ஒத்துவராது. டைரியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் போன் போடுவார். அது போய்விட்டால் அவரை எங்களோடு பேச வைக்க வேறு வழியே இல்லை.

ரத்து செய்தால் எண் என்னவாகும்? அப்புறம் இன்னொன்று. குடும்பப் படங்களையெல்லாம் வீட்டில் ஒரு நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) போட்டு வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து தங்கை அதைத் திறந்து பார்ப்பாள். புது இணைப்பில் அது அப்படியே வேலை செய்யுமா?


கம்பம்_ரெடிங்

சரவணன், தயவுசெய்து ரத்து செய்யாதீர்கள். யார் போனில் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் செய்யாதீர்கள். இணைப்பு ரத்தானால் எண்ணும் அதோடு போய்விடக்கூடும். போன எண்ணைத் திரும்ப வாங்குவது பெரிய பாடு, பல நேரம் கிடைப்பதே இல்லை. எண் புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பழைய இணைப்பு அடங்க வேண்டும்.

நான் ரெடிங் பக்கம் வீடுகளுக்கு ஃபைபர் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். நம் ஆட்கள் வீட்டுக்குப் போகும்போது இதே கதையை அடிக்கடி கேட்கிறேன். 2024 செப்டம்பர் 12 முதல் இங்கே ஒன் டச் ஸ்விட்ச் என்ற முறை நடப்பில் இருக்கிறது. நீங்கள் புது நிறுவனத்திடம் மட்டும் பேசினால் போதும். அவர்கள் உங்கள் விவரத்தை ஒரு பொது மையம் வழியாகப் பழைய நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். பழைய நிறுவனத்தின் கணினி தன் கணக்குகளில் தேடிப் பார்த்துப் பதில் சொல்லும். ஆள் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அது முக்கியமாகப் பார்ப்பது இரண்டு: சர்நேம், முகவரி.

நம் பெயர் மாட்டுவது இங்கேதான். நமக்கு இனிஷியலும் பெயரும்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகிவிடுகிறது. போன் கணக்கிலோ இனிஷியல் முன்னால் போய் நம் பெயரே சர்நேமாக உட்கார்ந்திருக்கும். சிலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்து, இங்கே வந்ததும் முழுப் பெயரும் அந்தக் கட்டத்துக்குள் ஏறியிருக்கும். நமக்கு எல்லாம் ஒரே ஆள், கணினிக்கு மூன்று ஆள். உங்கள் பழைய பில்லை எடுத்து, பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். முகவரியையும் பாருங்கள். ஒரு வீட்டை இரண்டு ஃபிளாட்டாகப் பிரித்த தெருக்களில் 12ஏ என்பதும் 12, தரைத்தளம் என்பதும் பொருந்தாமல் போகும்.

பெயர்தான் காரணம் என்றால் பழைய நிறுவனத்திடம் "பெயரைத் திருத்த வேண்டும்" என்று கேளுங்கள். "கணக்கை மாற்ற வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வேறு ஆள் பெயருக்கு மாற்றுவதாக எடுத்துக்கொண்டு புது ஒப்பந்தம் போட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. திருத்தம் முடிந்ததும் மறுபடி பொருத்திப் பார்க்கும்படி புது நிறுவனத்திடம் சொல்லுங்கள். வீட்டு எண்ணையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னால் அவர்கள் போன் சேவை தருகிறார்களா என்று கேளுங்கள். வெறும் இணையம் மட்டும் விற்கும் சின்ன நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. அப்படியானால் எண்ணைத் தனியாக, இணையம் வழியாகப் போன் சேவை தரும் ஒரு வாய்ப் நிறுவனத்துக்கு மாற்ற வேண்டிவரும்.

பொருந்திவிட்டால் பழைய நிறுவனத்திடமிருந்து ஒரு தகவல் வரும். முன்கூட்டியே விலகுவதற்குக் கட்டணம் உண்டா, எந்தெந்த சேவை நிற்கும் என்றெல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டுப் புது நிறுவனத்திடம் சம்மதம் சொன்னால் போதும், பழைய இணைப்பை நிறுத்துவது நிறுவனங்களின் பாடு. மாறும் நாளுக்குப் பிறகு நோட்டீஸ் காலம் என்று சொல்லிப் பணம் கேட்க முடியாது. நீங்களாக ரத்து செய்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை, ஒரு மாதம் இரண்டு பில்லும் கட்ட வேண்டியிருக்கும்.


சரவணன்_ஈஸ்ட்ஹாம்

அண்ணா, பில்லைப் பார்த்தேன். "மிஸ்டர் கே. சரவணன்" என்று இருக்கிறது. புது நிறுவனத்தின் ஃபார்மில் பாஸ்போர்ட்படி முதல் பெயர் சரவணன், கடைசிப் பெயர் குப்புசாமி. நீங்கள் சொன்னதேதான். இத்தனை பேரிடம் பேசியும் ஒருவர்கூட "பெயரைப் பாருங்கள்" என்று சொல்லவில்லை.


வதனி_ஹரோ

தம்பி, பெயரைத் திருத்துகிற நேரத்தில் போனைப் பற்றி இதையும் யோசியுங்கோ. செம்புக் கம்பி போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சில இருந்தே வரும். வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும். ஃபைபரில் வருவது வெறும் வெளிச்சம்தான். சுவரில் பூட்டுகிற பெட்டிக்கும் ரவுட்டருக்கும் கரண்ட் இல்லையென்றால் போனும் இல்லை.

என்னோடு இருக்கிற அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கழுத்தில் அவசர பட்டன் போட்டிருக்கிறா. விழுந்தால் அதை அமத்துவா, அது லேண்ட்லைன் வழியாகத்தான் உதவி மையத்துக்குப் போகும். நாங்கள் மாறுகிற நேரம் முதலில் அந்த அலாரக்காரரோடு கதைத்தேன். புது வகைப் பெட்டி தந்தார்கள். இணைப்பு வந்த அண்டைக்கே அம்மாவைக் கொண்டு பட்டனை அமத்திப் பார்த்து, அங்கே ஆள் எடுத்துக் கதைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி. புது கொம்பனிக்காரரிடமும் சொன்னேன். லேண்ட்லைனை நம்பி இருக்கிற ஆட்களுக்குக் கரண்ட் போனால் குறைந்தது ஒரு மணித்தியாலம் 999 அவசர எண்ணை எடுக்கிற மாதிரி வழி செய்ய வேண்டும் என்பது தொலைத்தொடர்பைக் கண்காணிக்கிற ஆஃப்காமின் விதி. பற்றரி ஒன்று இலவசமாகவே தந்தார்கள். கேட்டபடியால்தான் தந்தார்கள்.

மாறாமல் பழையதிலேயே இருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2027 ஜனவரியோடு நாடு முழுக்கப் பழைய செம்பு போன் சேவை நிற்கப் போகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஆட்கள் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிற வயசான ஆட்களிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.


நாதன்_எம்கே

நாஸ் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். புது நிறுவனங்கள் பலவற்றிடம் ஐபி முகவரிகள் (இணையத்தில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்கள்) போதுமான அளவு இல்லை. அதனால் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். இதற்கு சிஜிநாட் என்று பெயர். நீங்கள் யூட்யூப் பார்ப்பதிலோ உங்கள் மனைவி வேலை செய்வதிலோ எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்குள் வரும் வழி அடைபட்டுவிடும். இப்போது ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்துவிட்டுத் தங்கை பார்க்கிறார் என்றால் அது நின்றுவிடும்.

இணைப்பு வந்ததும் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வெளி ஐபி என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் சிஜிநாட் என்று அர்த்தம். மாதம் சில பவுண்டு கூடக் கொடுத்து நிலையான ஐபி வாங்கலாம். இல்லையென்றால் நாஸிலும் தங்கை போனிலும் டெயில்ஸ்கேல் என்ற தனிவழி இணைப்பு ஆப்பைப் போட்டுவிடுங்கள். போர்ட் எதையும் திறக்காமலே வேலை செய்யும், அதுதான் பாதுகாப்பும்கூட. குடும்பப் படம் இருக்கும் பெட்டியை நேராக இணையத்தைப் பார்த்துத் திறந்து வைப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

ஒப்பந்தத்தில் விலை உயர்வு பற்றி எழுதியிருப்பதையும் பாருங்கள். 2025 ஜனவரி 17-க்குப் பிறகு போடும் ஒப்பந்தங்களில் பணவீக்கத்தோடு சேர்த்து இத்தனை சதவீதம் என்று எழுதக் கூடாது. எந்த மாதம் எத்தனை பவுண்டு ஏறும் என்று நேராகச் சொல்ல வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம் என்றால் முழுத் தொகையையும் கூட்டிப் பார்த்துத்தான் மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.


சரவணன்_ஈஸ்ட்ஹாம்

எல்லாருக்கும் நன்றி. "பெயர்த் திருத்தம்" என்றே கேட்டேன். முதலில் பேசியவர் திருமணச் சான்றிதழ் கேட்டார். நான் ஆண், பெயர் மாறவே இல்லை, நீங்கள் எழுதிக்கொண்ட வரிசைதான் வேறு என்று பொறுமையாகச் சொன்னதும் மேலே இருப்பவரிடம் கொடுத்தார். அவர் டிரைவிங் லைசென்ஸ் நகல் கேட்டு வாங்கித் திருத்திவிட்டார். அடுத்த பில்லில் குப்புசாமி என்று வந்ததும் மறுபடி பொருத்திப் பார்க்கும்படி புது நிறுவனத்திடம் சொன்னேன், உடனே பொருந்திவிட்டது. விலகல் கட்டணம் இல்லை, 020 எண்ணும் மாறும் பட்டியலில் இருக்கிறது.

வதனி அக்கா, நீங்கள் சொன்னதைப் பக்கத்து வீட்டு ஐரிஷ் பாட்டியிடம் கேட்டேன். அவரிடமும் அந்தப் பட்டன் இருக்கிறது. 2027 பற்றி அவருக்குத் தெரியவே இல்லை. அவர் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஃபைபர் வந்து சேரும் பெட்டியை எங்கே வைக்கச் சொல்வது? முன்வாசல் மீட்டர் அலமாரியா, மனைவி வேலை செய்யும் பின்பக்க அறையா?


கம்பம்_ரெடிங்

இரண்டும் வேண்டாம். கம்பம் தெருப் பக்கம் இருப்பதால் ஃபைபர் முன்சுவர் வழியாக வருவதே நல்லது. கேபிளை வீடு முழுக்கச் சுற்றி வளைத்தால் கூர்மையாக மடங்கும் இடத்தில் வெளிச்சம் கசியும், பிறகு பிரச்சினை வரும். மீட்டர் அலமாரிக்குள் வைத்தால் வைஃபை கதவைத் தாண்டாது. முன் ஹாலில், தரையிலிருந்து சற்று மேலே, இரண்டு பிளக் பாயிண்ட் இருக்கும் சுவரில் பெட்டியைப் பொருத்தச் சொல்லுங்கள். அங்கிருந்து ஒரு ஈதர்நெட் கேபிளை மாடிப்படிக்கு அடியில் இழுத்து ரவுட்டரை வீட்டுக்கு நடுவில் வையுங்கள். ஈதர்நெட் நூறு மீட்டர் வரை தாங்கும். ஈஸ்ட் ஹாம் வீடுகளின் செங்கல் சுவரை வைஃபை தாண்டாமல் திணறுவதைவிட இது எவ்வளவோ மேல். பின்பக்க அறைக்கும் ஒரு கேபிள் போய்விட்டால் உங்கள் மனைவிக்கு முழு வேகம் கிடைக்கும்.

சுவரில் துளை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வெளிப்பக்கம் சற்றுக் கீழே சரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் உள்ளே வராது. அவர்கள் கிளம்பும் முன் ரவுட்டரில் கேபிள் மாட்டி லேப்டாப்பில் வேகத்தைக் காட்டச் சொல்லுங்கள், வைஃபையில் வேண்டாம். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எண் மாறிய அன்று பெரியப்பாவை ஒரு கால் போடச் சொல்லுங்கள், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பும் சரியாக வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். ஒரு வேலை நாளுக்கு மேல் இணைப்பு இல்லாமல் போனால் இழப்பீடு கேளுங்கள், அதற்கு விதி இருக்கிறது.