பனிக்காலம் முழுக்க மலைக்குடில் வேலை: சிங்கப்பூரிலிருந்தே என்ன தயார் செய்யலாம்?

புக்கிட்பாத்தோக்_வாசி:
டிசம்பர் முதல் மார்ச் வரை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷியரில், ஒயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடரில் ஒரு மரக்குடிலுக்குப் பராமரிப்பாளராகப் போகிறேன். உயரம் சுமார் 1,300 மீட்டர். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கிடையாது. விறகடுப்பும் வாக்கிடாக்கியும் உண்டு. அவ்வப்போது கீழே இறங்கி, சாமான் சுமந்து ஏற வேண்டும். நம் புக்கிட் தீமா 163 மீட்டர்தான், பனியும் கிடையாது. இங்கிருந்தபடியே எதைப் பழகுவது? அங்கே தண்ணீர், அடுப்பு, கழிப்பறை எல்லாம் எப்படிச் சமாளிப்பது?

மலைநடை_அக்கா:
தம்பி, அங்கே குளிரைவிட ஈரம்தான் பெரிய தொல்லை. முதலில் தண்ணீரைப் பார்ப்போம். பக்கத்தில் ஊற்று ஓடினால் தினமும் பனிக்கட்டியை உடைத்து அதைத் திறந்தே வைத்திருங்கள். பனியை உருக்குவது கடைசி வழி. புதுப் பனி 10 லிட்டர் அள்ளினால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர்தான் தேறும். 0 டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனியை வெறுமனே உருக்கவே, நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்கவைப்பதைவிட அதிக வெப்பம் வேண்டும். அத்தனையும் விறகுச் செலவு. உருக்கித்தான் ஆக வேண்டுமென்றால், பானையில் முதலில் இரண்டு கோப்பைத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வெறும் பனியைப் போட்டால் அடியில் உருகும் நீரை மேலேயுள்ள பனி உறிஞ்சிவிடும். அடி காய்ந்து தீய்ந்து, தண்ணீர் முழுக்கக் கருகல் வாடை ஏறும்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகு எரிந்தால் புகைபோக்கிக்குள் தார் மாதிரி கிரியோசோட் படியும். அது பற்றிக்கொண்டால் குடிலே போய்விடும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வெளியே கல்மீது வையுங்கள். உள்ளே கங்கு நாள்கணக்கில் அணையாமல் கிடக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். பனி விழுந்த காலையில் முதல் வேலை காற்றுத் துவாரங்களையும் வாசலையும் தோண்டித் திறப்பது. காபி அதற்கப்புறம்தான்.

கழிப்பறை வேலையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உறைகுளிரில் மட்குவது நின்றுவிடும். கழிவு பரவாமல் ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்து கூம்பாக எழும். இருக்கையைத் தொடுமுன் கடப்பாரையால் இடித்துச் சாய்க்க வேண்டும். சில்லு தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

படிக்கட்டுப்_பித்தன்:
பயிற்சிக்கு நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் படிக்கட்டே போதும். முதுகுப்பையில் 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்குங்கள். 8 கிலோவில் தொடங்கி வாரத்துக்கு 2 கிலோ கூட்டி, 20 கிலோவரை போகலாம். பலர் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்கிவிடுகிறார்கள். அது தப்பு, மலையில் தொடை நோவது இறங்கும்போதுதான். பாதிச் சுமையோடாவது படியிலேயே இறங்குங்கள். முட்டி வலி இருந்தால் மட்டும் தண்ணீரை மாடியிலேயே கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம்.

ஸ்டோர் ரூமில் பல வருடமாகக் கிடக்கும் பூட்ஸை எடுத்துப் போகாதீர்கள். நம்மூர் ஈரக்காற்றில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையாலான நடு அடி உள்ளுக்குள் சிதைந்திருக்கும். பார்க்க நன்றாக இருக்கும், நடந்தால் அடி கழன்று விழும். புதிதாக வாங்கும்போது தடித்த கம்பளிக் காலுறை போட்டு அளவு பாருங்கள். விரல் அசைய இடமில்லாவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் விறைக்கும்.

புக்கிட்பாத்தோக்_வாசி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. குடிலுக்கு மேலே, மரங்கள் முடியும் இடத்தைத் தாண்டி ஏற ஆசை. எதைப் பார்த்து முடிவு செய்வது?

வடமுனை:
காற்றைப் பார்த்து. அதே தொடரிலுள்ள மவுண்ட் வாஷிங்டன் உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் காற்றை அளந்திருக்கிறார்கள். அந்த உச்சியிலுள்ள வானிலை ஆய்வகம் உயர்முகடுகளுக்கென்றே தனி முன்னறிவிப்பு தருகிறது. தினமும் காலையில் அதைக் கேளுங்கள். -20 டிகிரியில் 60 கிலோமீட்டர் காற்றடித்தால் தோலுக்கு அது -36 மாதிரி. மூடாத கன்னம் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். வெள்ளைத் திட்டு தெரிந்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். வெறும் உள்ளங்கையால் பொத்திச் சூடேற்றி, உடனே இறங்குங்கள்.

பருத்தி வேண்டாம், உள்ளாடைகூட. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், வியர்க்கும் முன்பே ஒரு அடுக்கைக் கழற்ற வேண்டும். கிராம்பானை, அதாவது வழுக்காமலிருக்க பூட்ஸ் அடியில் வாரால் கட்டும் கூர்முள் சட்டத்தை, மரங்களுக்குள் இருக்கும்போதே மாட்டிவிடுங்கள். வெட்டவெளிக் காற்றில் கையுறையைக் கழற்றி வார் இழுக்க முடியாது. டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரம்தான், நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறையும். அதனால் உச்சி எட்டினாலும் எட்டாவிட்டாலும் பகல் ஒரு மணிக்குத் திரும்பிவிடுங்கள். தண்ணீர் போத்தலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேற்பக்கம்தான் முதலில் பிடிக்கும், மூடி திறக்க வரும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை உறைந்துவிடும், வேண்டாம்.

இன்னொன்று, பாதையை விட்டு விலகிக் குட்டை ஊசியிலை மரங்களுக்கு நடுவே மிதிக்காதீர்கள். கிளைகளுக்கு அடியில் பனி பொள்ளலாக இருக்கும், இடுப்பளவு இறங்கிவிடும். ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அகலச் சட்டம்) கிளையில் மாட்டினால் தனியாளாக வெளியே வருவது கடினம். அதனால் கிளம்பும் முன் வாக்கிடாக்கியில் வழியையும் திரும்பும் நேரத்தையும் கீழே சொல்லிவிட்டுப் போங்கள்.